கை பழகிய திசை

மகனே,

உன் ரயில் இந்நேரம் வட்டவளையைத் தாண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு உன் அப்பா உன் அறை ஜன்னலைச் சாத்தப் போயிருக்கிறார். மழை வருகிறது. பிள்ளையை வேலைக்காகக் கொழும்புக்கு அனுப்பிய தாயின் கடிதத்தில் முதல் வரியிலேயே கண்ணீர் இருக்க வேண்டும் என்று பலரும் எதிர்பார்ப்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. ஸ்டேஷனில் இருந்து திரும்பி நடக்கும்போது தோளில் இருந்து ஏதோ இறங்கியது போல் இருந்தது. நீ போய்த் தொலைந்தாய் என்ற நிம்மதி என்று எடுத்துக்கொள்ளாதே. மாசி மாதத்துக்கு முன்னால் நீ இந்த வேலைக்குப் போயிருந்தால் நான் கவலையோடுதான் அனுப்பியிருப்பேன். இப்போது கவலை இல்லை. ஏன் இல்லை என்பதை உனக்கு நேரில் சொல்ல எனக்கு வரவில்லை. நம் வீட்டில் யாருக்கும் அது வராது. அதனால் எழுதுகிறேன். நான் வேலை செய்யும் சமூக நிலையத்தின் பத்திரிகைக்குக் கட்டுரை கேட்டு, அதை நடத்தும் ஃபாதர் பலமுறை சொல்லிவிட்டார். இதையே கொடுக்கப் போகிறேன். உன்னைப் போல் கம்பியூட்டர் படித்துவிட்டு ஊர் ஊராகப் போகும் பிள்ளைகள் இன்னும் வருவார்கள். அவர்களும் படிக்கட்டும்.

உன் வேலை என்ன என்று பக்கத்து வீட்டில் கேட்டபோது என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆபீஸ் கந்தோர்களில் இருக்கும் பழைய கம்பியூட்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதும், அதை அங்கே இருப்பவர்களுக்குப் பழக்குவதும் என்று சொன்னேன். மெஷினுக்குள் இருந்துகொண்டு அதை நடத்துகிற அடிப்படை முறை ஒன்று உண்டு, அதை ஒப்பரேட்டிங் சிஸ்டம் என்பார்கள், அது மாறினால் நாம் கொடுக்கும் கட்டளைகளும் மாறிவிடும் என்று நீ எனக்கு விளக்கியதையும் சொன்னேன். அந்த அம்மா தலையாட்டினார். பொங்கலன்று சாப்பிட்டுக்கொண்டே உன் அப்பாவிடம் சொன்னாய்: "மெஷின மாத்துறது லேசுப்பா. ஆளுங்கதான் மாற மாட்டேங்கிறாங்க. சோம்பேறித்தனம். பயம். வேற ஒண்ணும் இல்ல." உன் அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டார்.  எனக்கு உன் ஏழாவது வயது ஞாபகம் வந்தது.

அப்போது நாம் லிந்துலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். உன் அப்பா அங்கே கொழுந்துக் கணக்கு எழுதும் கிளாக்கர். நான் தோட்டப் பாடசாலையில் படிப்பித்தேன், நீயும் அங்கேயே படித்தாய். எனக்கு ஹட்டனுக்கு மாற்றம் கிடைத்ததும் உன்னை டவுன் பாடசாலையில் சேர்த்தோம். பெரிய கட்டடம், விளையாட்டு மைதானம், வகுப்புக்கு ஒரு ஆசிரியர். தோட்டத்தில் ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். எதைப் பார்த்தாலும் புதியதுதான் நல்லது. நீ போக மாட்டேன் என்றாய். காலையில் வயிற்றுவலி என்றாய், சப்பாத்து கடிக்கிறது என்றாய், சேர் அடிக்கிறார் என்றாய். நான் விசாரித்தேன், யாரும் அடிக்கவில்லை. சோம்பேறி என்று உன்னைத் திட்டினேன், உன் வார்த்தையைத்தான் நானும் சொன்னேன் பார். பல நாள் கழித்து உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய், அந்தப் பாடசாலையில் மணியை பியூன் அடிக்கிறார் என்று. தோட்டத்தில் மணி அடித்தது நீ. தண்டவாளத் துண்டில் நீ அடித்தால்தான் பிள்ளைகள் உள்ளே போவார்கள், நீ அடித்தால்தான் வெளியே வருவார்கள். மண்டபத்துக்குப் பின்னால் குழாய் எங்கே இருக்கிறது, உட்காரும் வாங்குகளில் எதன் கால் ஆடும், மழை பெய்தால் எந்த இடத்தில் ஒழுகும் என்றெல்லாம் உனக்குத் தெரியும். டவுனில் ஒன்றுக்குப் போக எங்கே போவது என்று கேட்கவே உனக்கு வெட்கம். புதிய பாடசாலை உனக்கு என்ன தருகிறது என்று நான் கணக்குப் பார்த்தேன். அது உன்னிடம் இருந்து எதை எடுத்துக்கொண்டது என்று பார்க்கவில்லை.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால், மாற மறுக்கிறவர்கள் எல்லாம் ஏழு வயதுப் பிள்ளைகள் என்று ஆகிவிடும். அது சரியில்லை. எழுபதுகளில் தோட்டத்துக்குக் கிலோத் தராசு வந்ததை உன் அப்பா உனக்குச் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. அதுவரை கொழுந்தை ராத்தலில் நிறுத்தார்கள். கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு முதுகிலேயே கணக்கு இருந்தது. கூடை நெற்றிக் கயிற்றை எவ்வளவு இழுக்கிறது என்பதை வைத்தே இத்தனை ராத்தல் என்று சொல்லிவிடுவார்கள், தராசு அதை ஆமோதிக்கும், அவ்வளவுதான். ஒரு கிலோ இரண்டு ராத்தலுக்கும் மேல், அதனால் கிலோ வந்ததும் எண் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கொழுந்து எடுப்பதோடு நம் வீட்டுக்குப் பாலும் கொண்டுவரும் பாக்கியம் என்னிடம் நியாயம் கேட்டாள்: "நாப்பது எடுத்தவ பதினெட்டுன்னு போயி நின்னா, வீட்டுல என்னாங்க டீச்சர் சொல்லுவாங்க?" நான் பாடசாலையில் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது போல் அவளுக்கு விளக்கினேன். இரண்டும் ஒன்றுதான், பெயர்தான் வேறு என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அது எனக்கும் வெளங்குது. முன்ன கூடைக்கும் ஈரத்துக்கும்னு ரெண்டு ராத்தல் கழிச்சாங்க. இப்ப ரெண்டு கிலோ கழிக்கிறாங்க. இதுவும் ஒண்ணுதானுங்களா?"

உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் எழுந்து வெளியே போய் நின்றார். அன்றைக்கு எனக்குப் புரிந்தது, பல்கலைக்கழகத்தில் எனக்கு யாரும் சொல்லித்தராத ஒன்று. மாற்றம் என்று ஒன்று வரும்போது, பெரிய தொகை நேராகத்தான் மாறும். ஓரத்தில் இருக்கிற சின்ன விஷயம்தான் யாரும் பார்க்காதபோது கைமாறும். அது எப்போதும் ஒரே பக்கமாகத்தான் போகும். இதைப் பலமுறை பார்த்தவர்கள், கொஞ்சம் இருங்கள், பழையதே இருக்கட்டும் என்று சொன்னால் அதற்குப் பெயர் அறியாமை இல்லை. எனக்கும் அந்த நாளில் இருந்துதான் புதியது எதைப் பார்த்தாலும் ஓரத்தைத் தடவிப் பார்க்கும் பழக்கம் வந்தது. நீ என்னை நம்பிக்கையில்லாத மனுஷி என்று சொல்வாய். இருக்கலாம்.

இனி ஸ்டெல்லாவின் கதைக்கு வருகிறேன். இதை எழுதுவதற்கு அவளிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க டீச்சர், ஆனா நான் அழுததை மட்டும் கொஞ்சம் கொறச்சு எழுதுங்க" என்றாள். குறைத்தே எழுதுகிறேன்.

நான் பாடசாலையை விட்டுவிட்டு நிலையத்தில் சேர்ந்தபோது அங்கே ஒரு கம்பியூட்டர் இருந்தது. வெளிநாட்டில் யாரோ பயன்படுத்திவிட்டு அனுப்பியது. அதை ஒருவரும் தொடாமல் துணி போட்டு மூடியிருந்தார்கள். தட்டெழுத்துக்காரியாக வேலைக்கு வந்த ஸ்டெல்லாதான், கூட வந்திருந்த ஆங்கிலக் கைநூலை அகராதி வைத்துப் படித்து, அதோடு சண்டை போட்டு, ஒரு வருடத்தில் அதை வழிக்குக் கொண்டுவந்தாள். எனக்கும் அவள்தான் பழக்கினாள். பச்சை எழுத்து, அடுப்பு ஊதுவது போல் ஒரு சத்தம், பக்கவாட்டில் இரண்டு வாய். இடது வாயில் அன்றைய வேலை இருக்கும் பிளொப்பி. வலது வாயில் அதன் பிரதி, ஒன்று கெட்டுப்போனாலும் மற்றது இருக்கட்டும் என்று. அதில் நாங்கள் செய்த வேலை சாதாரண வேலை இல்லை. இந்தியாவுக்கும் போகாமல், இங்கேயும் பிரஜையாக எழுதப்படாமல் நடுவில் நின்ற குடும்பங்களின் விவரங்களைத் தோட்டம் தோட்டமாகப் போய் எடுத்துவந்து, பதிந்து, விண்ணப்பமாக அச்சிட்டு நுவரெலியா அரசாங்கக் கச்சேரிக்கு அனுப்பினோம். யார் எங்கே பிறந்தார்கள், எந்த வருடம் எந்தத் தோட்டத்தில் பெயர் பதிந்தார்கள், தகப்பன் பெயர் ஒரு காகிதத்தில் எப்படி இருக்கிறது, இன்னொன்றில் எப்படி இருக்கிறது என்றெல்லாம். காகிதங்களை யாரும் எங்களிடம் விட்டுவைக்க மாட்டார்கள். எழுபத்தேழிலும் எண்பத்து மூன்றிலும் நடந்த கலவரங்களில் வீட்டோடு காகிதத்தையும் பறிகொடுத்தவர்களைப் பார்த்த ஜனங்கள் அவர்கள். எங்கள் முன்னால் பெட்டியைத் திறந்து காட்டுவார்கள், நாங்கள் குறித்துக்கொள்வோம், அவர்கள் மூடிக்கொண்டு போவார்கள். குறித்துவந்த தாள்களை ஸ்டெல்லா மெஷினில் ஏற்றியதும் அடுப்பில் போட்டுவிடுவாள். அப்படிப்பட்ட தாள்களைக் கந்தோரில் குவித்துவைப்பது நல்லதில்லை என்று ஃபாதர் கட்டளை.

அந்த நிலையில்தான் புதிய மெஷின் வந்தது, அதை வைக்க, படிப்பை முடித்திருந்த நீ வந்தாய். உன் புது மெஷின் வேகமானது, அதிகம் கொள்ளும், பழுதானால் கொழும்பிலேயே ஆள் கிடைக்கும். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஸ்டெல்லாவும் மறுக்கவில்லை. ஆனால் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டங்களின் விண்ணப்பங்கள் போகும்வரை அதைத் தொடமாட்டேன் என்றாள். நீ அவளைக் கேலி செய்தாய். "ஸ்டெல்லாக்கா, இந்த மெஷின மியூசியத்துல கேக்குறாங்க. ஒங்களையும் சேத்து அனுப்பட்டா?" என்றாய். அவளும் விடவில்லை. "அனுப்புங்க தம்பி. அங்கயாச்சும் நான் என்ன செய்யிறேன்னு நின்னு பாப்பாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய், ஆனால் நின்று பார்க்கவில்லை.

நின்று பார்த்திருந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்கும். ஒரு பிளொப்பியில் இருப்பதை இன்னொன்றில் பிரதி எடுக்க, உன் புது மெஷினில் எங்கிருந்து என்பதை முதலிலும் எங்கே என்பதை அடுத்தும் எழுத வேண்டும். எங்கள் பழைய மெஷினில் அது நேர்மாறு. போய்ச் சேரும் இடம் முதலில், புறப்படும் இடம் பிறகு. பஸ்ஸின் பலகையில் ஹட்டன், நல்லதண்ணி என்று இரண்டு ஊரும் எழுதியிருக்கும், எது புறப்படும் ஊர் என்று மட்டும் எழுதியிருக்காது, அந்த மாதிரி. ஸ்டெல்லா புது மெஷினைப் பார்த்து முதல் நாளே கவனித்தது இதைத்தான். என்னிடம் சொன்னாள்: "எனக்குத் தெரியாதுன்னா பரவால்ல டீச்சர், கேட்டுக்கலாம். எனக்குத் தெரியும்னு என் கை நெனச்சுக்கிட்டு இருக்கு பாருங்க, அதான் பயம்." இதைவிடச் சரியாக உன் புத்தகங்களில் எங்காவது எழுதியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. ஒன்றும் தெரியாமல் புதிதாக ஒன்றைத் தொடங்குவது கூட அவ்வளவு கஷ்டமில்லை. நன்றாகத் தெரிந்த ஒன்று திடீரென்று நமக்கே எதிரியாகத் திரும்புவதுதான் கஷ்டம். அதுவும் பெற்ற மகன் பார்த்துக்கொண்டு நிற்கும்போது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்டெல்லா சாப்பிடப் போயிருந்தாள். தான் வரும்வரை பழைய மெஷினைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். உனக்கு அவசரம். விவரங்களைப் புது மெஷினுக்கு மாற்றுவதற்கு முன்னால் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம், ரெண்டு நிமிஷ வேலை என்றாய். இடது வாயில் அன்றுவரை ஏற்றிய பிளொப்பி. வலது வாயில் நல்லதண்ணிக்குப் போவதற்கு முன்னால் எடுத்த பிரதி. அந்த மாதம் முழுக்க நேரமில்லாமல் நாங்கள் புதிதாகப் பிரதி எடுக்கவில்லை, அது எங்கள் அலட்சியம். நீ உட்கார்ந்து உன் கை பழகிய வரிசையில் அடித்தாய். நான் உனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நீ விசையைத் தட்டிய பிறகுதான் எழுத்தைப் படித்தேன். மெஷின் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சொன்னதைச் செய்தது. பழைய பிரதியைக் கொண்டுபோய் புதியதன் மேல் எழுதிவிட்டு, அடுத்த கட்டளைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நல்லதண்ணிக் குடும்பங்கள் ஒன்றுகூட அதில் இல்லை. நீ திறந்து பார்த்தாய். மூடினாய். மறுபடியும் திறந்து பார்த்தாய். பிறகு இரண்டு பிளொப்பியையும் உறையில் போட்டுவிட்டு, "திங்கட்கெழம பாத்துக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போனாய்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தட்டெழுத்து வேலையில் இருந்துவிட்ட ஸ்டெல்லா திங்கட்கிழமை காலைதான் திறந்தாள். என்ன நடந்திருக்கும் என்று அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. தன் கைதான் என்றாள். வெள்ளிக்கிழமை காலை தலைவலியோடு இருந்ததாகவும், பிளொப்பியை மாற்றிப் போட்டு அழித்திருக்கலாம் என்றும் ஃபாதரிடம் அவளே போய்ச் சொன்னாள். ஃபாதர் கோபக்காரர் இல்லை, ஆனால் கச்சேரியில் கொடுக்க வேண்டிய கெடு கிட்ட வந்துகொண்டிருந்தது. அந்தக் கெடு தவறினால் அடுத்த தடவை எப்போது வாங்குவார்கள், வாங்குவார்களா என்று யாருக்கும் தெரியாது. இனி பழைய மெஷின் வேண்டாம், ஸ்டெல்லாவும் கொஞ்ச நாள் வேறு வேலை பார்க்கட்டும் என்றார். நல்லதண்ணிக்கு மறுபடி போய் விவரம் எடுங்கள், மெஷின் பழுதாகிவிட்டது என்று சொல்லுங்கள் என்றார். நீ சுவரில் சாய்ந்து நின்றாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை.

நான் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கலாம். கேட்க உனக்கு உரிமை இருக்கிறது, ஸ்டெல்லாவுக்கு அதைவிட அதிகம். நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். அந்தக் காத்திருப்புக்கான விலையை அவள் கொடுத்தாள் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. உன் மேல் எனக்கு இருந்த ஆசைக்காக இன்னொருத்தியைச் சாப்பிடாமல் இருக்க வைத்தேன். உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டில் நீ புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். திட்டம் போட்டு ஏமாற்றும் பிள்ளை இல்லை நீ. அடுத்தவர்களுக்குப் பழக்குகிறவன் என்று வந்தவன், தெரியாதவன் ஆகிவிட்டதை ஒத்துக்கொள்ள முடியாமல் தவித்தாய். அந்தத் தவிப்புதான் ஸ்டெல்லா இரண்டு மாதமாக உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது என்று உனக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை நாம் மூவரும் நல்லதண்ணி பஸ்ஸில் ஏறினோம். சீசன் நேரம். மலைக்கு யாத்திரை போகிற சனம் வெள்ளை உடுத்திக்கொண்டு, மூட்டையும் பிள்ளைகளுமாக, பாடிக்கொண்டு வந்தது. நின்றுகொண்டே போனோம்.  தோட்டத்தில் இறங்கி, பெண்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் நேரம் பார்த்து லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் நின்றோம். முதலில் வந்தது மாரியாயி. போன தடவை தகப்பன் பெயர் இரண்டு விதமாக இருந்த காகிதங்களை வைத்துக்கொண்டு என்னோடும் ஸ்டெல்லாவோடும் அரை நாள் உட்கார்ந்தவள். அவளுக்கு நம்மைப் பார்த்ததுமே சந்தேகம்.

"போன மாசந்தானுங்களே டீச்சரம்மா எல்லாத்தையும் பாத்து எழுதிக்கிட்டுப் போனீங்க? மறுபடியும் என்னாத்துக்கு? எடுத்து எடுத்துக் காட்டுனா காகிதம் தேஞ்சு போயிறாதா?"

பின்னால் நின்ற பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டுக் கிட்ட வந்தார்கள். அந்த மாதிரி முகத்தை நான் முன்பும் பார்த்திருக்கிறேன், கிலோத் தராசு வந்தபோது பார்த்திருக்கிறேன். இன்னொரு தடவை எழுதுகிறார்கள் என்றால் முதல் தடவை எழுதியது எங்கே போயிற்று, யாரிடம் போயிற்று என்ற கேள்வி அது. ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயைத் திறந்தேன். மெஷின் பழுதாகிவிட்டது என்று ஃபாதர் சொல்லச் சொன்னதைத்தான் சொல்லப் போனேன், மறைக்க என்ன இருக்கிறது. நீ எனக்கு முன்னால் வந்து நின்றாய்.

"மெஷின் நல்லாத்தான் இருக்குங்க. நாந்தான் அழிச்சிட்டேன். எனக்குப் பழக்கமில்லாத மெஷினு. இந்தக்கா தொடாதேன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் தொட்டேன். இவுங்க மேல தப்பில்ல."

ஸ்டெல்லா நிமிர்ந்து உன்னைப் பார்த்தாள். மாரியாயியும் பார்த்தாள், உன் சப்பாத்தில் தொடங்கி தலைவரை.

"படிச்ச புள்ளதானே நீயி?"

"ஆமாங்க."

"நான் ஒரெழுத்துப் படிக்காதவ. இன்னைக்கு வரைக்கும் ஒண்ணையும் அழிச்சதில்ல, தெரிஞ்சுக்க."

அங்கே நின்ற அத்தனை பெண்களும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், கண் கலங்கிய மாதிரி இருந்தது, நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். மாரியாயி உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உன் முன்னால் வைத்தாள். "இந்தத் தடவ மெதுவா எழுது" என்றாள். பிறகு ஒவ்வொருவராகப் பெட்டியோடு வந்தார்கள். மெஷின் பழுது என்று நான் சொல்லியிருந்தால் அன்றைக்கு எத்தனை பெட்டி திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நான் பார்த்தவரையில், தவறு எங்கே நடந்தது என்று தெரிந்தபோது அவர்களுக்குப் பயம் போய்விட்டது. தெரியாமல் மறைந்து இருக்கும் தவறுக்குத்தான் அவர்கள் பயந்தவர்கள்.

எழுதி முடித்துப் பஸ் நிற்கும் இடத்துக்கு இறங்கும்போது ஸ்டெல்லா உன்னிடம் பேசினாள். சத்தமில்லாமல்தான் சொன்னாள். "மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல தம்பி. மொதல்லயே சொல்லியிருக்கலாம்." நீ, "தெரியும்க்கா" என்றாய். அதற்கு மேல் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது நல்லது.

மற்றது உனக்குத் தெரியும். மறுநாள் ஃபாதரிடம் நீயே போய்ப் பேசினாய். எந்த மெஷினில் ஏற்றலாம் என்று ஸ்டெல்லாவைக் கேட்டாய். கெடு கிட்ட இருப்பதால் பழையதில்தான் என்றாள், நீ மறுக்கவில்லை. அவள் அடிக்க நீ பக்கத்தில் உட்கார்ந்து தாள்களை வாசித்தாய். அப்போதுதான் நீ முதல் தடவையாக அவள் வேலை செய்வதைப் பார்த்தாய். தகப்பன் பெயர் மாறிவரும் இடங்களில் அவள் ஒரு குறி போட்டுவைப்பதையும், கச்சேரியில் எந்தக் கிளாக்கர் எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பார் என்று பார்த்து விவரத்தை அடுக்கிவைப்பதையும் கண்டாய். இதையெல்லாம் உன் புது மெஷினுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நீ அதுவரை யோசித்ததே இல்லை என்று என்னிடம் சொன்னாய். விண்ணப்பங்களை நானும் ஸ்டெல்லாவும் நுவரெலியாவுக்குக் கொண்டுபோனோம். கவுண்டரில் இருந்தவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஹரி நோனா, ஒக்கோம ஹரி" என்று சிங்களத்தில் சொல்லி முத்திரை குத்தினார். எல்லாம் சரி என்றவர் வேறு என்னென்னவோ விசாரிக்கவும் செய்தார், அவை எதுவும் என் காதில் விழவில்லை.

பிறகு புது மெஷினுக்கு ஸ்டெல்லா தானாகவே வந்தாள். பழைய மெஷினின் வரிசையிலேயே கட்டளை கொடுத்தாலும் புதியது விளங்கிக்கொள்ளும்படி செய்து தருகிறேன் என்று நீ சொன்னபோது, "வேணாம் தம்பி, புதுசுக்குப் புதுசாவே பழகிக்கிறேன். நான் தப்பா அடிக்கிறப்ப சிரிக்காம பக்கத்துல இருங்க, அது போதும்" என்றாள். நீ இருந்தாய். ஒரு வாரம் அவள் முழுப் பிரதியை மேசை லாச்சியில் பூட்டிவிட்டுத்தான் ஒவ்வொரு நாளும் தொடங்கினாள். அதையும் நீ தடுக்கவில்லை. இப்போது அவளே அந்தப் பழைய மெஷினை மறுபடி துணி போட்டு மூடிவிட்டாள்.

நாளை நீ ஒரு புதிய கந்தோருக்குள் போவாய். அங்கே ஒரு பெண்ணோ ஆணோ, மாறமாட்டேன் என்று உட்கார்ந்திருப்பார். அவருக்கு உன் மெஷின் என்னென்ன செய்யும் என்று சொல்லத் தொடங்காதே. அவருடைய மெஷினுக்கு முன்னால் நீ உட்கார். எப்படி என்று கேள். தப்பாக அடி. அவர் உன்னைத் திருத்தட்டும், சிரிக்க விரும்பினால் சிரிக்கட்டும். அவர் எதை இழக்கப் போகிறார், ஓரத்தில் எது கைமாறப் போகிறது என்று பார். பார்த்த பிறகும் புதியதுதான் நல்லது என்று உனக்குத் தோன்றலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அப்போது சொல். கேட்பார்கள். கேட்காதவர்களும் இருப்பார்கள், அவர்களில் சிலர் வெறும் சோம்பேறிகளாகவும் இருப்பார்கள், அதையும் நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் உனக்கு இதுவரை சொல்லவில்லை. பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வராது என்று உனக்குத் தெரியும். பேராதனையில் படித்த காலத்தில் இருந்தே மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவையும் நானே திருப்புவது போல் விழித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். நல்லதண்ணியில் இருந்து திரும்பிய அன்று பஸ்ஸில் இடம் கிடைத்தது. நீயும் ஸ்டெல்லாவும் முன் இருக்கையில் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, தகப்பன் பெயர்களைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டு வந்தீர்கள். உங்கள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு எதுவும் கேட்கவில்லை. நீ தோளைத் தொட்டு எழுப்பியபோது ஹட்டன் வந்திருந்தது.

அம்மா